ஓடும்போதா, ஓடி நின்ற பிறகா

நோன்பு மாதத்தில் மயங்கி விழுந்து எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறவர்கள், வருத்தம், அதாவது நோய், இன்னதென்பதையும் கையோடு கொண்டுவந்துவிடுவார்கள். "நோன்பு மயக்கம், டொக்டர்." கூட வந்த வாப்பா சொல்வார், ஏற்றிவந்த ஆட்டோக்காரர் சொல்வார், வாசலில் நிற்கும் காவலாளியும் தன் பங்குக்குச் சொல்வார். ஒரு சேலைன் ஏற்றினால் நோன்பு திறக்கும் நேரத்துக்கு வீடு போய்ச் சேரலாம் என்பது அவர்கள் நினைப்பு. அந்த இடத்தில் நான் ஒருத்திதான் ஒன்றும் விளங்காதவளாக நின்று கேள்வி கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு வாய் நீளம் என்று கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை பெயர் இருக்கிறது. அது பொய்யுமல்ல.

நியாயமாகச் சொன்னால், பெரும்பாலும் அவர்கள் சொல்வதுதான் சரி. விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழும்பாமல் வெறும் வயிற்றோடு நோன்பு பிடித்து, வங்கி வரிசையில் நின்று, தலை கிறுகி, கண் இருண்டு, பக்கத்தில் நின்றவரின் தோளில் சாய்ந்து சரிந்த மனிதரிடம் ஆராய என்ன இருக்கிறது? படுக்கவைத்துக் காலை உயர்த்தினால் வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டு எழும்புவார். அப்படிப்பட்டவரையும் நான் சும்மா விடுவதில்லை. படுக்கவைத்து ஒரு தரம், எழுப்பி நிறுத்தி ஒரு தரம் பிரஷர் பார்ப்பேன். விரல் நுனியில் குத்திச் சீனி பார்ப்பேன். நெஞ்சில் வயர்களை ஒட்டி ஈசீஜி எடுப்பேன். "குத்தினா நோன்பு முறியுமா?" என்று கேட்காத ஆள் இல்லை. அதற்குப் பதில் சொல்வது காரைதீவிலிருந்து வேலைக்கு வருகிற எங்கள் தாதி. நெற்றியில் விபூதிக் கீற்றோடு, "முறியாது வாப்பா, கையத் தாங்க," என்று அவர் சொன்னால் மறுபேச்சில்லாமல் கையை நீட்டுவார்கள். நான் சொன்னால் இரண்டு மௌலவிமாரிடம் கேட்டுவிட்டுத்தான் நீட்டுவார்கள்.

பெண்கள் மயங்கி வந்தால் இன்னொரு சங்கடம். பிள்ளை தங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கலியாணமாகாத பெண்ணிடம், உம்மாவை அருகில் வைத்துக்கொண்டு, கடைசியாக மாதவிலக்கு எப்போது என்று கேட்டால் அந்த உம்மா என்னைத் தின்றுவிடுவார். அதனால் நோன்பு மாதத்தில் நான் வேறு மாதிரிக் கேட்பேன். "இந்த நோன்பில எத்தின விட்டுப்போச்சு, புள்ள?" விலக்கான நாட்களில் நோன்பு இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். போன கிழமை முழுக்க விட்டதாக அவள் சொன்னால் எனக்குத் தேவையானது கிடைத்துவிடும், உம்மாவுக்கும் கோபம் வராது. இந்தக் கேள்வியை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லித்தரவில்லை. இந்தக் கரையில் வேலை பார்த்துப் பார்த்து வந்தது.

எல்லாவற்றிலும் கடினமானது, எப்படி விழுந்தார் என்று கேட்டு அறிவதுதான். விழுந்தவருக்குத் தான் விழுந்தது தெரியாது. கூட வந்தவர்களில் பாதிப்பேர் விழுந்த பிறகு ஓடிவந்தவர்கள். ஆனால் எல்லோரும் கண்ணால் கண்டது போலக் கதைப்பார்கள். நான் ஒவ்வொருவராகப் பிடித்து அதே கேள்வியைக் கேட்பேன். விழும் முன் என்ன செய்துகொண்டிருந்தார்? வேர்த்ததா, காது அடைத்ததா, உட்காரப் பார்த்தாரா? அல்லது கறண்ட் போன மாதிரி ஒரே நொடியில் போனாரா? ஓடி முடித்து, நின்று மூச்சு வாங்கும்போது விழுந்தவரைப் பற்றி எனக்குப் பெரிய பயம் இல்லை. ஓட்டத்தின் நடுவிலேயே விழுந்தவர் என்றால், அவர் எழுந்து உட்கார்ந்து சிரித்துப் பகிடி விட்டாலும் நான் அவரை வீட்டுக்கு விடமாட்டேன்.

அந்தப் பெண்ணை ஒரு பின்னேரம் கொண்டுவந்தார்கள், அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்பு. நல்ல வெயிலாக இருந்து, எதிர்பாராமல் ஒரு மழை கொட்டி ஓய்ந்திருந்தது. வரிப்பத்தான்சேனைப் பெண். வயது இருபதைத் தாண்டியிருக்கும். வாய்க்குக் கீழே நாடி கிழிந்து, மேற்பல் ஒன்று பாதி உடைந்து, ஹபாயாவின் முன்பக்கம் இரத்தத்தில் ஊறியிருந்தது. அவர்கள் மயக்கத்துக்கு மருந்து கேட்டு வரவில்லை. தையலுக்கு வந்தார்கள்.

"முகத்தில தழும்பு விழாமத் தைக்கிற டொக்டர் இரிக்காரா?" என்றுதான் உம்மா தொடங்கினார். "பெருநாள் கழிஞ்சி இவக்குக் கலியாணம்."

பெண்ணின் கைகளைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளங்கை இரண்டிலும் ஒரு சிராய்ப்புக்கூட இல்லை. கால் தடுக்கி விழுகிறவர் கையை ஊன்றித்தான் விழுவார், முகத்தைக் காப்பாற்றத் தானாகவே கை போகும். இவள் கை போகவில்லை. நிலத்தில் முகம் மோதும்போது இவளுக்கு நினைவே இருக்கவில்லை. தையலைத் தள்ளிவைத்துவிட்டு, ஈசீஜி எடுக்கத் தாதியிடம் சொன்னேன்.

நடந்ததை வாப்பா சொன்னார். மெலிந்த, வெயிலில் கறுத்த மனிதர். இடுப்பில் கட்டிய சறத்தில் வைக்கோல் தூசி ஒட்டியிருந்தது. வெட்டின நெல்லை வீட்டுக்கு முன்னால் றோட்டோரம் படங்கு விரித்துக் காயவைத்திருந்தார்கள். மழை இரைந்துகொண்டு வந்தது. படங்கின் இந்த மூலையை அவர் பிடித்தார், மற்ற மூலையைப் பிடிக்க மகள் ஓடினாள்.

"ஓடக்குள்ளயே விழுந்தாவா, இல்லாட்டி ஓடிப்போய் நிண்ட பிறகா?"

"ஓட்டத்தில…" என்று அவர் தொடங்கினார்.

"நிண்ட பிறகுதான்," என்றார் உம்மா. "படங்கப் புடிச்சிட்டுத்தான் விழுந்தவ. வெயிலுக்க நிண்ட புள்ள, நோன்பு வேற, சஹருக்கும் ஒழுங்காத் தின்னல்ல."

"ராத்தா, நீங்க கண்டீங்களா?" அக்கா, அண்ணன் என்பதற்கு எங்கள் பக்கம் ராத்தா, காக்கா என்போம்.

"நான் அடுப்படியில. சத்தம் கேட்டு ஓடி வந்தன்."

நோன்பு எத்தனை விட்டது என்று பெண்ணைக் கேட்டேன். பஞ்சை வாயில் வைத்துக்கொண்டே போன கிழமை விட்டதாகச் சொன்னாள். முன்பும் இப்படி விழுந்ததுண்டா என்று கேட்டேன். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் ஓடும்போது ஒரு தரம் விழுந்ததாகச் சொன்னாள். "அதுக்கு ஓதிப் பார்த்துச் சுகமாயிட்டு," என்று உம்மா உடனே முடித்துவைத்தார். ஓட்டத்தில் விழுந்தது இது இரண்டாம் தரம். அதை அவர்கள் யாரும் இரண்டாம் தரம் என்று எண்ணவில்லை.

தாதி ஈசீஜி எடுத்துக்கொண்டு வந்து தந்தார். தந்துவிட்டுப் போகாமல் பக்கத்திலேயே நின்றார்.

இதயம் ஒவ்வொரு தரம் துடித்த பிறகும், அடுத்த துடிப்புக்குத் தன்னை ஆயத்தப்படுத்தக் கொஞ்ச நேரம் எடுக்கும். இவளுடைய இதயம் அதற்கு எடுத்த நேரம் மிக நீளம். பிறப்பிலேயே சிலருக்கு அப்படி அமைந்துவிடும். சும்மா இருக்கும்போது ஒன்றும் தெரியாது. சிரிப்பார்கள், சமைப்பார்கள், படிப்பார்கள். ஓடும்போதோ, நீந்தும்போதோ, திடுக்கிடும்போதோ, இதயம் ஆயத்தமாகும் முன்பே அடுத்த துடிப்பு வந்து விழுந்தால், அது துடிப்பதை விட்டுவிட்டு நடுங்கத் தொடங்கும். நடுக்கம் தானாக நின்றால் ஆள் மயங்கி எழும்புவார். நிற்காவிட்டால் எழும்பமாட்டார். இரண்டு தரம் தானாக நின்றிருக்கிறது. மூன்றாம் தரமும் நிற்கும் என்று எனக்கு யார் எழுதித் தருவார்கள்?

கட்டிலை மின் அதிர்ச்சி கொடுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் தள்ளச் சொன்னேன். துடிப்பைக் காட்டும் திரையை மாட்டினோம். மட்டக்களப்பில் இருக்கும் இதய வைத்தியருக்கு ஈசீஜியைப் படம் பிடித்து அனுப்பினேன். அவர் உடனே போன் எடுத்தார். "இண்டைக்கே அனுப்புங்க. குடும்பத்தில இள வயசு மரணம் இருக்குதா எண்டு கேளுங்க," என்றார்.

கேட்டேன். "ராத்தா, உங்கட குடும்பத்திலயோ காக்காட குடும்பத்திலயோ இள வயசில திடீரெண்டு மவுத்தான ஆக்கள் இரிக்காங்களா?"

"அல்லா காப்பாத்தணும். அப்படி ஒருத்தரும் இல்ல."

வாப்பாவைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டவுமில்லை, இல்லை என்று சொல்லவுமில்லை.

"உங்களுக்கு எத்தின புள்ளயள்?"

"மூணு," என்றார் உம்மா. "இவ நடுவில. சின்னவ பள்ளிக்கூடம் போறா. மூத்தவன் ஷஹீது."

அந்தச் சொல்லை அவர் சொன்ன விதம் இப்போதும் காதில் இருக்கிறது. அழுகை இல்லை, இறுமாப்பும் இல்லை. மகன் வெளிநாட்டில் உழைக்கிறான் என்று ஓர் உம்மா சொல்கிற மாதிரிச் சொன்னார். எப்படி என்று கேட்டேன். ஊர்க் குளத்தில் மூழ்கிப் போனான் என்றார். நீரில் மூழ்கிப் போகிறவருக்கு ஷஹீதுடைய, மார்க்கத்துக்காக உயிர் கொடுத்த தியாகியுடைய, கூலி உண்டு என்பது எங்களுக்கெல்லாம் சின்ன வயதிலிருந்தே சொல்லித்தந்த விசயம். அந்த உம்மா பொய் சொல்லவில்லை. நான் மவுத்தானவர்களைக் கேட்டேன், அவருடைய மனதில் மகன் மவுத்தானவர்களோடு இல்லை. அவன் சுவனத்தில் இருந்தான், அதனால்தான் பிள்ளைகள் மூன்று என்றார்.

"நீந்தத் தெரியாதா?"

"மீன் மாதிரி நீந்துவான். கூட்டாளிமாரோட போட்டி போட்டு நீந்தக்குள்ளதான்… அல்லா எழுதினது."

தண்ணீர் எவ்வளவு இருந்தது என்று கேட்டேன். வெள்ளாமைக்குத் திறந்துவிட்டுக் குளம் வற்றியிருந்த காலம் என்று வாப்பா மறுபடி வாய் திறந்தார். "இடுப்பளவு," என்றார். யாரும் மையத்தை, இறந்த உடலை, அறுத்துப் பார்த்திருக்கவில்லை. எங்கள் ஆட்கள் மையத்தை அறுக்க விடமாட்டார்கள், கெதியாக அடக்கத்தான் பார்ப்பார்கள். விசாரணைக்கு வந்தவரிடம் காலில் விழாத குறையாகக் கேட்டு, நீரில் மூழ்கியது என்று எழுதுவித்து அன்றைக்கே அடக்கியிருக்கிறார்கள். மீன் மாதிரி நீந்துகிற ஒருவன், இடுப்பளவுத் தண்ணீரில், நீந்திக்கொண்டிருக்கும்போதே மூழ்கியிருக்கிறான். அவனுடைய தங்கை ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுந்து என் முன்னால் கிடக்கிறாள்.

நான் விளங்கப்படுத்தினேன். இதயத்தில் கோளாறு இருக்கிறது, மட்டக்களப்புக்குப் போக வேண்டும், ஒவ்வொரு நாளும் மருந்துக் குளிசை குடிக்க வேண்டும், ஓடக் கூடாது, தனியே தண்ணீரில் இறங்கக் கூடாது, கவனமாக இருந்தால் கிழவியாகும் வரை இருப்பாள் என்றெல்லாம் சொன்னேன். உம்மா பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்து, "தையலப் போடுங்க டொக்டர், நாங்க போறம்," என்றார்.

"எங்க போறீங்க? நான் இவ்வளவு நேரமும் யாருக்குக் கதைச்ச?"

"நோன்பில விழுந்த புள்ள. அதுக்கு மட்டக்களப்பு இதய வார்ட்டில கொண்டு போட்டா ஊருக்கு என்ன கதை போகும்? மாப்பிள வீட்டார் கேட்டா நான் என்ன சொல்லுற? வீடும் கட்டி முடிச்சாச்சு. கலியாணம் முடியட்டும், மறுகா காட்டுறம்."

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. பெண் பிறந்த நாளிலிருந்து உம்மாவும் வாப்பாவும் அந்த வீட்டுக்காகத்தான் உழைப்பார்கள். பெண்ணைப் பற்றிய முடிவும் உம்மாவுடைய கையில்தான். சட்டப்படி அந்தப் பெண் வளர்ந்தவள், அவளே சொல்லலாம். அவளிடமும் கேட்டேன். "உம்மா சொல்லுற மாதிரி," என்றாள். அவளுடைய கண்ணில் பயம் இருந்தது, ஆனால் அது என் இயந்திரத்தைப் பற்றிய பயமா, நின்றுபோகப் போகிற கலியாணத்தைப் பற்றிய பயமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இப்ப நடந்து வந்த புள்ளய அடுத்த தரம் மையத்தாக் கொண்டுவருவீங்க," என்றேன். தாதி என் முழங்கையைத் தொட்டார். நான் நிறுத்தவில்லை. "உங்கட மூத்த மகனும் இதாலதான் போயிரிக்கலாம், ராத்தா. முதல்ல நெஞ்சு நிண்டிரிக்கும். அதுக்குப் பிறகுதான் தண்ணிக்குள்ள போயிரிப்பான். அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் ஒரே வருத்தம்."

உம்மா என்னை நேராகப் பார்த்தார்.

"நீங்களும் முஸ்லிம்தானே டொக்டர்? எண்ட புள்ளக்கு அல்லா குடுத்த கூலிய நீங்க பறிக்காதீங்க."

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் உயர்த்தியிருப்பேன், ஊர்ச் சண்டை போல ஏதாவது நடந்து முடிந்திருக்கும். நான் ஒரு பெண்ணைக் காப்பாற்றப் பார்க்கிறேன், அதற்காக இன்னொரு பெண் இத்தனை வருடம் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒரே பிடியைக் கழற்றச் சொல்கிறேன். அந்த நேரத்தில் என் தொழிலில் எனக்கு வெறுப்பே வந்தது. திரையில் அவளுடைய துடிப்பு ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தது, ஒவ்வொன்றும் ஆயத்தமாக நீண்ட நேரம் எடுத்துக்கொண்டு.

நாடியைத் தைத்தேன். முடிந்தமட்டும் நுணுக்கமாகத் தைத்தேன், தழும்பு தெரியாதபடி. அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசலில் வாங்கு சொன்னது. உம்மா முகம் கை கால் கழுவி வுழூச் செய்துகொண்டு பெண்கள் தொழுகிற அறைக்குப் போனார். திரும்பி வந்ததும் கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்று எனக்குத் தெரியும். தடுத்து நிறுத்தச் சட்டத்தில் எனக்கு வழியில்லை. எழுதி வாங்கிக்கொண்டு விட வேண்டியதுதான்.

ஒட்சிசன் சிலிண்டர்கள் அடுக்கியிருக்கும் மூலையில் நான் நின்றிருந்தேன். வாப்பா வந்தார். கொஞ்சம் தள்ளி நின்று, யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டார்.

"டொக்டர், ஒரு கதை. புள்ளட உம்மாக்கிட்டச் சொல்லாம வச்சிரிக்கிற கதை."

"சொல்லுங்க, காக்கா."

"மகன நான்தான் கழுவினன்."

எங்கள் வழக்கத்தில் ஆண் மையத்தை நெருங்கின ஆண்கள்தான் கழுவிக் குளிப்பாட்டுவார்கள். போரில் ஷஹீதானவரைக் கழுவுவதில்லை. நீரில் போனவரைக் கழுவித்தான் அடக்குவார்கள். கழுவும்போது உள்ளே இருப்பது வெளியேற வேண்டும் என்பதற்காக வயிற்றை மெதுவாக அழுத்தித் தடவுவதும் உண்டு.

"குளத்தில போனவன் எண்டா தண்ணி வருமே. வரும் எண்டு பார்த்துக்கிட்டே வயித்த அமத்தினன். ஒரு சொட்டு வரல்ல, டொக்டர். மறுகா அமத்தினன். வரல்ல. எண்ட மச்சான்தான் தண்ணி ஊத்திக்கிட்டு நிண்டவன். அவன் எண்ட முகத்தப் பார்த்தான், நான் அவண்ட முகத்தப் பார்த்தன். ரெண்டு பேரும் கதைக்கல்ல. வெளிய வந்தா, உம்மாக்காரி வாசல்ல நிக்கா. 'தண்ணி குடிச்சிட்டானா' எண்டு கேட்டா. வயிறு நிறையத் தண்ணி எண்டு சொன்னன். அதக் கேட்ட பிறகுதான் இவ நிலத்தில இரிந்தா. ஷஹீது, ஷஹீது எண்டு சொல்லிச் சொல்லித்தான் இவ திரும்பச் சோறு தின்னத் தொடங்கின."

அவர் சறத்தின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இண்டைக்கு மகள் விழுந்தத நான் கண்டன். ஓட்டத்திலதான் விழுந்தா. கை ரெண்டும் சும்மா தொங்கிக்கிட்டு விழுந்தா. குளத்தில அவனும் அப்படித்தான் எண்டு கூட நிண்ட பொடியன்மார் சொன்னவங்க. ஒரு சத்தமும் இல்லையாம். நீங்க சொன்னது சரிதான், டொக்டர். அவன் தண்ணியில மவுத்தாகல்ல."

எனக்கு அழுகை வந்தது. அதை ஒளிக்கவும் தோன்றவில்லை. ஆனால் அவர் சொன்னதில் ஒரு பிழை இருந்தது, அதைத் திருத்தாமல் விட முடியாது. திருத்தினால் அவர் மனம் மாறி மகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாரோ என்ற பயமும் இருந்தது. இரண்டையும் சேர்த்தே சொன்னேன்.

"காக்கா, வயித்தில தண்ணி இல்லாததால மூழ்கல்ல எண்டு சொல்ல ஏலா. மூழ்கின ஆக்கள் எல்லாருக்கும் வயித்துக்குள்ள தண்ணி போறதில்ல. நெஞ்சு தடுமாறி மயங்கியிரிப்பான், உயிர் போனது தண்ணிக்குள்ளதான் எண்டும் இரிக்கலாம். எது முதல் எண்டு எனக்குத் தெரியா. யாருக்கும் தெரியா. ஆனா இவக்கு இந்த வருத்தம் இரிக்கி. அது எனக்குத் தெரியும். இவள இண்டைக்கு அனுப்ப வேணும். சின்னவளையும் பார்க்க வேணும்."

"அப்ப ரெண்டுமா இரிக்கலாமா?"

"ஓம். ரெண்டுமா இரிக்கலாம்."

நான் அவருடைய மனைவியிடம் பேசட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். "நான் சொன்ன பொய். நான்தான் சொல்ல வேணும். நீங்க பக்கத்தில நில்லுங்க."

உம்மா தொழுதுவிட்டு வந்தார். வாப்பா அவரைக் கட்டிலிலிருந்து தள்ளி ஜன்னல் பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. வயிற்றை அழுத்தினது, தண்ணீர் வராதது, வாசலில் பொய் சொன்னது, இன்றைக்கு மகள் ஓட்டத்தில் விழுந்தது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். பிறகு, டொக்டர் இரண்டுமாக இருக்கலாம் என்கிறார் என்றும் சொன்னார். உம்மா என் பக்கம் திரும்பினார். நான் ஓம் என்று தலையாட்டினேன்.

அவர் அழவில்லை. கணவரை ஏசவில்லை. நான் எதிர்பார்த்த எதுவும் நடக்கவில்லை. தொழுகைக்குப் போட்ட துணி இன்னும் தலையில் இருந்தது. அதன் நுனியைப் பிடித்து மடித்தார், விரித்தார், திரும்ப மடித்தார். பிறகு கட்டிலடிக்குப் போய் மகளுடைய தலைமுடியை முகத்திலிருந்து ஒதுக்கிவிட்டு, "எழுதுங்க டொக்டர். மட்டக்களப்புக்கு எழுதுங்க," என்றார்.

எழுதினேன். அம்புலன்சுக்குச் சொன்னேன். கூடவே போகிறேன் என்று தாதி தானாகவே முன்வந்தார். நோன்பு திறக்கும் நேரம் வழியில்தான் வரும் என்று பேரீச்சம்பழமும் ஒரு போத்தல் தண்ணீரும் பையில் போட்டு உம்மாவுடைய கையில் கொடுத்தார்.

அந்தப் பெண் உயிரோடு இருக்கிறாள். ஒவ்வொரு நாளும் குளிசை குடிக்கிறாள். சின்னவளுக்கும் அதே வருத்தம் இருந்தது, அவளும் குடிக்கிறாள். கலியாணம் நடக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் மரியாதையாகத்தான் விலகிக்கொண்டார்களாம். கட்டின வீடு பூட்டிக் கிடக்கிறது என்று பிறகு மருந்துக்கு வந்தபோது வாப்பா சொன்னார். உம்மாவைப் பற்றி நான் கேட்டேன். பிள்ளைகள் எத்தனை என்று யாராவது கேட்டால் இப்போது மனைவி வேறு கதைக்குப் போய்விடுகிறாள் என்றார்.

அன்றைக்கு அம்புலன்ஸ் வந்து நின்றபோது நாங்கள் கட்டிலை வாசல் வரை தள்ளிக்கொண்டு வந்தோம். மகள் கண்ணை மூடியிருந்தாள். உம்மா பையைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கம் நடந்தார், வாப்பா மற்றப் பக்கம். ஜன்னலடியில் பேசிய பிறகு இரண்டு பேரும் ஒரு சொல்லும் பேசியிருக்கவில்லை. ஏறுவதற்குக் காலை வைத்த உம்மா நின்றார். கணவரைத் திரும்பிப் பார்த்தார்.

"வயித்த மெதுவாத்தானே அமத்தினீங்க?"

"மெதுவாத்தான்," என்றார் அவர். "நோகாம, மெதுவாத்தான் அமத்தினன்."

உம்மா ஏறி மகளுடைய தலைமாட்டில் இருந்தார். நான் கதவைச் சாத்தினேன்.